சங்குக்கு ஓடிய நாய்

எங்கள் தெருவில் நிலநடுக்கம் வந்தது காலை ஏழு மணிக்கு. வந்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ராஜபாளையத்தில் என் வீட்டு அடுக்களையில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. சுவரில் காலண்டர் ஆடியது. அவ்வளவுதான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணி லாரி போகிறது என்று நினைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவள் நான். அலையும் அதிர்வும் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. அதே அலை என் காலடியில் வந்தபோது எனக்கு லாரியாகத் தெரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனிமேல் நான் மற்றவர்களைத்தான் திட்டப்போகிறேன்.

தட்டுகள் கலகலப்பதற்குச் சில விநாடி முன்னால் என் வீட்டில் இருந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு வாசல் வழியாகப் பாய்ந்து தெருவுக்கு ஓடியது. எதிர்வீட்டு சுபேதார் அதைப் பார்த்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இருபது வருடமாகியும் தெருவுக்கே டூட்டி பார்ப்பவர் அவர். காலையில் வாசலில் நின்று பல் துலக்கியபடி யார் எங்கே போகிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்த டூட்டி. நாய் ஓடியது, நிலம் ஆடியது, அவர் வாயில் இருந்த நுரையோடு கத்தினார். அரை மணி நேரத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. டீச்சர் வீட்டு நாய்க்கு நிலநடுக்கம் முன்கூட்டியே தெரிகிறதாம்.

அது என் நாய் இல்லை. என் அக்காவுடையது. ராஜபாளையம் சாதிதான், ஆனால் இடது காதில் ஒரு பழுப்புத் திட்டு உண்டு. எங்கள் ஊரில் சுத்த வெள்ளையும் ரோஜா நிற மூக்கும் இருந்தால்தான் அது நாய். திட்டு இருந்தால் அதைப் பெற்றவளுக்கே அவமானம் என்பது போல முகத்தைச் சுளிப்பார்கள். அப்படி யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய குட்டியை அக்கா தூக்கிக்கொண்டு போனாள். பெயர் எதுவும் வைக்கவில்லை. 'ஏலே' என்று கூப்பிடுவாள், அது வரும்.

அக்கா ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டில் மானாவாரிப் பருத்தி போடுகிறாள். அத்தான் போன பிறகு அவளுடைய காது மெல்ல மெல்ல அடைத்துப்போனது. இப்போது காதுக்குள் போய்க் கத்தினால்தான் கேட்கும். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம், தலைக்குள் வண்டு பறக்கிறது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவள் காட்டுக்கு அந்தண்டை சீமைக்கருவேல மரங்களுக்குப் பின்னால் ஒரு குவாரி. தினமும் மத்தியானம் அங்கே வெடி வைப்பார்கள். ஒரு மணி என்று பேச்சு, ஆனால் பன்னிரண்டரைக்கும் வெடிக்கும், இரண்டுக்கும் வெடிக்கும். வெடிக்கு முன்னால் மூன்று தடவை அபாயச் சங்கு ஊதுவார்கள். ரோட்டுப் பக்கம் சிவப்புக் கொடி பிடித்து ஒருவர் நிற்பார், அவருக்கு மரங்களைத் தாண்டி அக்கா தெரிய மாட்டாள். வெடித்தால் சில நாள் கல் பறந்து வந்து காட்டுக்குள் விழும். எலுமிச்சை அளவில் வரும், எப்போதாவது தேங்காய் அளவிலும் வரும்.

சங்கு கேட்டால் வற்றிப்போன கிணற்றோரம் இருக்கும் மோட்டார் ரூமுக்குள் போய்விட வேண்டும். அதற்கு மட்டும்தான் கான்கிரீட் கூரை. அக்காவுக்குச் சங்கு கேட்காது. நாய்க்குக் கேட்கும். குட்டியாக இருந்தபோது ஒரு தடவை அதன் பக்கத்தில் கல் விழுந்து மண் தெறித்ததாம். அதற்குப் பிறகு முதல் சங்கு ஊதியதுமே ஓடிவந்து அக்காவின் முழங்காலில் தலையால் முட்டிவிட்டு மோட்டார் ரூமுக்கு ஓடும். அவளும் பின்னாலேயே போவாள். இருவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். வெடிக்கும், நிலம் ஆடும், கல் விழுந்து முடியும், வெளியே வருவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அது கற்றுக்கொண்ட பாடம் இது. அக்கா உயிரோடு நடமாடுவதே அந்தப் பாடத்தால்தான்.

அவளுக்கு மதுரையில் கண் ஆபரேஷன் நடந்தது. ஒரு கண் முடிந்து மற்றொரு கண் என்று மூன்று மாதம் மகன் வீட்டிலேயே தங்கவேண்டி வந்தது. மகன் போலீஸ். குவார்ட்டர்ஸ் மாடியில் நாய் வைக்க முடியாது. என்னிடம் கொண்டுவந்து விட்டாள்.

"ஏட்டி, சங்கு ஊதுனா இது ஓடும். ஓடட்டும்னு விட்ரு. புடிச்சுக் கெட்டிப்புடாத, என்ன?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

ராஜபாளையத்தில் சங்குக்கா பஞ்சம்? பக்கத்து மில்லில் ஷிப்ட் மாறுகிற காலை ஏழு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் ஊதும். நாய்க்கு எல்லாச் சங்கும் ஒரே சங்குதான். ஊதினால் நிலம் ஆடும், கல் விழும், அதனால் ஓட வேண்டும். வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு வேளை ஓடியது. என் முழங்காலில் முட்டும், வாசலைத் தாண்டி ஓடும், தெருவில் கூரை தேடி அலையும், கடைசியில் சுபேதாரின் கார் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நிலநடுக்கம் வந்த அன்றும் ஏழு மணிச் சங்குக்குத்தான் ஓடியது. அதற்கு முன்னால் இருபது நாள் அவர் கண் முன்னாலேயே ஓடியிருக்கிறது. ஒரு நாளும் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நிலம் ஆடிய அன்று ஓடியதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

நாய்க்கு ஒன்றுமே தெரியாது என்று நான் சொல்லவில்லை. பூமிக்குள்ளிருந்து முதலில் வரும் சின்ன அலை நமக்கு உறைக்காமல் அதன் பாதத்துக்கோ காதுக்கோ உறைக்கலாம். பெரிய அசைவுக்கு முன்னால் வண்டி உருளுவது போல ஒரு சத்தமும் வரலாம். அப்படியே கேட்டிருந்தாலும் சில விநாடி முன்னால்தான் கேட்டிருக்கும். அடுத்த மாதம் அமாவாசைக்கு நிலநடுக்கம் வருமா என்று அதனிடம் போய் நிற்க முடியாது.

ஆனால் நின்றார்கள். முதலில் எங்கள் தெரு, அப்புறம் அடுத்த தெரு, அப்புறம் சத்திரப்பட்டி வரைக்கும். நாய் ஓடுகிற வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்குப் பின்னணியில் நாதஸ்வரம் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கிவந்து அதன் முன்னால் வைத்துக் கும்பிட்டுப் போனவர்களும் உண்டு. அது பால்கோவாவைத் தின்றுவிட்டுத் திண்டாடி, என் வீட்டுக் கூடத்தில்தான் வாந்தி எடுத்தது. துடைத்தது நான். கும்பிட்டவர்களில் ஒருவர்கூட துணியோடு வரவில்லை.

அடுத்த வீட்டம்மா தெலுங்கு பேசுகிறவர், தலைமுறையாக நாய் வளர்க்கிற குடும்பம். "டீச்சர்காரு, இது எங்க பக்கத்து ரத்தம். எங்க குட்டிக எல்லாத்துக்கும் இந்தச் சக்தி உண்டு" என்று ஆரம்பித்தார். அடுத்த ஈற்றில் வந்த குட்டிகளுக்கு ஒரே கிராக்கி. எல்லோரும் கேட்டது சுத்த வெள்ளை. சுத்த வெள்ளையில் சில குட்டிகள் காது கேளாமலேயே பிறக்கும் என்பது நாய் வளர்க்கிற ஊருக்கே தெரிந்த விஷயம். எங்கள் தெருக்கோடி வீட்டில் அப்படி ஒரு குட்டி வந்து சேர்ந்தது. தட்டைப் போட்டு உடைத்தாலும் கண் விழிக்காது. நிலநடுக்கத்துக்குக் காவல் என்று அதைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்து அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். இப்படிப்பட்ட ஜனங்களோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லோரையும் என் வாசலில் கூட்டினேன். மில் சங்கை போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். நாய் நிழலில் படுத்திருந்தது. பாட்டுக் கேட்கிற சின்ன ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். நாய் துள்ளி எழுந்து என்னை முட்டிவிட்டு சுபேதாரின் காருக்கு அடியில் புகுந்தது.

"பார்த்தீர்களா? குவாரிச் சங்கு கேட்டு வளர்ந்த நாய். அதற்கு மில் சங்குக்கும் குவாரிச் சங்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்குப் பழகினால் மற்றதற்கும் அதையேதான் செய்யும். இப்போது சங்கு ஊதியது, ஓடியது. நிலநடுக்கம் எங்கே?"

வகுப்பில் நடத்துவது போலத்தான் நடத்தினேன். நல்ல பாடம் என்று எனக்கே பெருமை. சுபேதார் செருப்பைக் கழற்றித் தரையில் உள்ளங்காலை வைத்துப் பார்த்தார்.

"லேசா வந்திருக்கும் டீச்சர். நமக்குத் தெரியல, அம்புட்டுதான்."

கூட்டம் தலையாட்டியது. எனக்கு உச்சந்தலை கொதித்தது. இந்த மனிதரை என்ன சொல்லித் திருத்துவது? வந்தால் நாய் சொன்னது, வராவிட்டால் வந்தது நமக்குத் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். இவர்களைத் திருத்த முடியாது. நாயைத் திருத்திவிடலாம்.

அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கினேன். சங்கை முதலில் மிகக் குறைந்த சத்தத்தில் போடுவேன். நாய் காதைத் தூக்கும், ஆனால் ஓடாது. உடனே ஒரு துண்டு ரஸ்க். அடுத்த நாள் கொஞ்சம் சத்தம் கூட்டுவேன், மறுபடி ரஸ்க். இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. முதல் வாரம் நடுங்கியது. இரண்டாம் வாரம் நடுக்கம் போய் வாய் ஊறியது. நான்காவது வாரத்தில் மில்லில் நிஜச் சங்கு ஊதினாலும் என் முன்னால் வந்து முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து உட்கார்ந்து என் கையைப் பார்க்கும்.

அக்கா சொன்னது எனக்கு மறந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. நான் மில் சங்கைத்தானே மறக்கடிக்கிறேன், குவாரிச் சங்கு வேறல்லவா, அங்கே போனால் வழக்கம்போல ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டுக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது என்று தெருவையே நிற்க வைத்துப் பாடம் நடத்தியவளும் நான்தான். சுபேதாரை முட்டாள் என்று சொல்வதற்கு இருந்த அவசரத்தில் என் பாடத்தை நானே கேட்கவில்லை.

மூன்று மணிச் சங்குக்கு நாய் ஓடாமல் உட்கார்ந்து ரஸ்க் தின்பதைத் தெருவே பார்த்தது. "தெய்வ சக்தியக் கெடுத்துப்புட்டீகளே டீச்சர்" என்றார் சுபேதார். ஜெயித்துவிட்டேன். அன்று இரவு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

அக்கா மதுரையிலிருந்து கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். கண் பளிச்சென்று தெரிகிறதாம். காது பழையபடிதான். நாயை ஆட்டோவில் ஏற்றி நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அது அக்காவின் மேல் தாவி விழுந்து அவள் முகமெல்லாம் நக்கியது. மறுநாள் காலையிலேயே காட்டுக்குப் போக வேண்டும் என்றாள். பருத்தி வெடித்து நிற்கிறது, ஆள் கிடைக்கவில்லை. நானும் கூடப் போனேன். வேலை செய்ய அல்ல. மோட்டார் ரூம் வாசல் நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். முதல் சங்கு ஊதியது. அக்காவின் காலடியில் படுத்திருந்த நாய் எழுந்தது. அவளை முட்டவில்லை. நேராக என்னிடம் வந்தது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து உட்கார்ந்தது. என் கையைப் பார்த்தது.

ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறேன் என்றுதான் முதலில் தோன்றியது.

இரண்டாவது சங்கு ஊதியது. அக்கா நிமிர்ந்தாள். புதுக் கண்ணால் நாயைத் தேடினாள். மோட்டார் ரூம் பக்கம் அது அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இன்னும் நேரமாகவில்லை என்று மறுபடியும் குனிந்து பருத்தி எடுக்கத் தொடங்கினாள்.

"அக்கா!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? எழுந்து ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் கரிசல் கட்டியில் ஓடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அன்று தெரிந்தது. ஒரு செருப்பு போனது. சேலை பருத்திச் செடியில் மாட்டிக் கிழிந்தது. மூன்றாவது சங்கு ஊதும்போது பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. நான் ஓடிவருவதைக் கண்டு அக்கா ஏதோ கேட்டாள். தோளைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மோட்டார் ரூமுக்கு நாலைந்து எட்டு இருக்கும்போது வெடித்தது. காலுக்குக் கீழே நிலம் உதறியது. ராஜபாளையத்தில் தட்டுகள் கலகலத்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கற்கள் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு கல் அவள் பருத்தி போட்டு வைத்திருந்த கூடையைக் கவிழ்த்துப்போட்டு உருண்டது. அந்தக் கூடை அப்போது அவள் இடுப்போரம் இருந்தது.

மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். நாயும் உள்ளே வந்து என் முன்னால் உட்கார்ந்தது. அதற்கு இன்னும் ரஸ்க் வரவில்லை.

"ஏலே, ஏன்லே வரல? என்னாச்சு இதுக்கு?" என்று அக்கா அதன் காதைப் பிடித்துப் பார்த்தாள். "ஏட்டி, இதுக்கும் காது போயிருச்சா?"

மெல்லச் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அவளுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். நான்தான் பழக்கினேன், ரஸ்க் போட்டுப் பழக்கினேன், தெருவில் ஒருத்தரை மட்டம் தட்டுவதற்காகப் பழக்கினேன் என்று அந்தச் சின்ன அறைக்குள் ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தினேன். முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து கத்தினேன். வெடி முடிந்து வேலைக்குத் திரும்பிய அடுத்த காட்டுப் பெண்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அக்கா திட்டவில்லை. கருப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அப்ப இனிமே மத்தியானம் நீ வந்து என்னைய முட்டு" என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. அப்படியே ஏற்பாடாகிவிட்டது. நாய்க்குப் பழைய பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் ஒரு கல் விழ வேண்டும், அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அக்கா காட்டை விடமாட்டாள். மெஷினை மாட்டவும் மாட்டாள். ஆகவே எட்டு மாதமாக நான்தான் அங்கே இருக்கிறேன். சங்கு ஊதியதும் பருத்திக்காட்டுக்குள் ஓடி அவளைத் தொட்டுவிட்டு மோட்டார் ரூமுக்கு ஓடுவேன். அவள் பின்னால் வருவாள். நாய் முன்னாலேயே வந்து ரஸ்க்குக்கு உட்கார்ந்திருக்கும்.

போன மாதம் சேலைகள் எடுத்துவர ஒரே ஒரு நாள் ராஜபாளையம் போனேன். அக்காவின் மகன் லீவில் வந்து அவளோடு இருந்தான். பீரோவைத் திறந்து மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, நடுத்தெருவில் வெறுங்காலோடு நிற்கிறேன், கையில் பாதி மடித்த சேலை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண் அக்காவைத் தேடுகிறது. மில் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. மணி மூன்று.

சுபேதார் வாசலில் நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். தரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"டீச்சர் ஓடி வாராக! எல்லாரும் வெளிய வாங்க! வெளிய வாங்க!"

கதவுகள் திறந்தன. சோற்றுக் கையோடு வந்தார்கள். தெருக்கோடி வீட்டுக்காரர்கள் அந்தச் செவிட்டு நாயையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அது தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் சுவர்களை விட்டுத் தள்ளி நடுத்தெருவில் என்னைச் சுற்றி நின்றார்கள். சங்குக்குத்தான் ஓடி வந்தேன் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நாயைப் பற்றி அதைத்தான் சொன்னேன், அவர்கள் நம்பவில்லை. என்னைப் பற்றிச் சொன்னால் மட்டும் நம்புவார்களா? சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அதைப் பார்த்ததும் சுபேதார் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, ரொம்ப மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இன்னும் எம்புட்டு நேரம் இருக்கு டீச்சர்?"